பந்தியில் எழுந்த கேள்வி: கிருபை, விசுவாசம், கிரியை

மனிதன் எதனால் இரட்சிக்கப்படுகிறான்? கிருபையாலா, விசுவாசத்தாலா, நற்கிரியைகளாலா? மேற்கத்தியக் கிறிஸ்தவம் ஐந்நூறு ஆண்டுகளாக இந்தக் கேள்வியை ஒரு தராசில் போட்டு நிறுத்துக்கொண்டிருக்கிறது. ஒரு தட்டில் கடவுள் கொடுப்பது, மறு தட்டில் மனிதன் செய்வது. ‘நம்பு, போதும்’ என்பது புராட்டஸ்டண்ட் நிலைப்பாடு, ‘நம்பினா மட்டும் பத்தாது, செஞ்சும் காட்டணும்’ என்பது கத்தோலிக்க நிலைப்பாடு என்று பொதுவாகச் சொல்லிவைத்திருக்கிறார்கள். இரண்டுமே அரைகுறை. அதைப் பிறகு பார்க்கலாம். முதலில் இந்தத் தராசையே சந்தேகிக்க வேண்டியிருக்கிறது. ஏனென்றால் புதிய ஏற்பாட்டுப் பிரதிகளுக்குள் இந்தக் கேள்வி முளைக்கும் இடத்தைத் தேடிப்போனால் நாம் போய்ச்சேருவது கணக்குப்பிள்ளையின் பலகைக்கு முன்னால் இல்லை; ஒரு சாப்பாட்டுப் பந்திக்கு.

சிரியாவின் அந்தியோகியா, முதல் நூற்றாண்டின் நடுப்பகுதி. யூதர்களும் யூதரல்லாதவர்களும் இயேசுவின் பெயரால் ஒன்றாக உட்கார்ந்து சாப்பிடுகிறார்கள். பேதுருவும் அவர்களோடு சாப்பிட்டுக்கொண்டிருந்தவர்தான். யாக்கோபின் தரப்பிலிருந்து எருசலேம்காரர்கள் சிலர் வந்து சேர்ந்ததும் மெல்ல எழுந்து ஒதுங்கிக்கொள்கிறார். அவரைப் பார்த்து மற்ற யூதக் கிறிஸ்தவர்களும், பர்னபாகூட, ஒதுங்குகிறார்கள். பவுல் எல்லோர் முன்னிலையிலும் பேதுருவை நேருக்கு நேராகப் பிடித்துக்கொள்கிறார். கலாத்தியருக்கு எழுதிய மடலின் இரண்டாம் அதிகாரத்தில் பவுலே சொல்லும் கதை இது. இந்தச் சண்டையைச் சொல்லிக்கொண்டே வரும்போதுதான், மூச்சு விடாமல், ஒருவர் நீதிமானாவது நியாயப்பிரமாணத்தின் கிரியைகளால் இல்லை, விசுவாசத்தால் என்ற வாதம் வருகிறது. நமக்குக் கிடைத்துள்ள அவரது மடல்களில் இந்த வாதம் காலவரிசைப்படி முதலில் தலைகாட்டும் இடம் இதுவே என்பது பெரும்பாலான ஆய்வாளர்களின் கருத்து. அப்போது எழுந்த கேள்வி ‘என் பாவம் எப்படித் தீரும்’ என்ற தனிமனிதக் கேள்வி அன்று. ‘இவன்கூட நான் உக்காந்து சாப்பிடலாமா’ என்பதுதான் கேள்வி.

அப்படியானால் பவுல் சொல்லும் ‘கிரியைகள்’ எவை? தர்மம் செய்வதும் நோயாளியைப் பார்ப்பதும் அந்தியோகியாவில் யாருக்கும் தகராறாக இருக்கவில்லை. தகராறு விருத்தசேதனம் பற்றியது, உணவு விதிகள் பற்றியது, ஓய்வுநாள் பற்றியது. யார் உள்ளே, யார் வெளியே என்று உடம்பிலும் அடுப்பிலும் நாள்காட்டியிலும் கோடு கிழிக்கும் செயல்கள் இவை. 1982இல் ஜேம்ஸ் டன் ‘பவுலைப் பற்றிய புதிய பார்வை’ என்ற தலைப்பில் ஆற்றிய உரையில் இதை அழுத்திச் சொன்னார். அதற்கு ஐந்து வருடம் முன்பு, 1977இல், ஈ.பி. சாண்டர்ஸ் அன்றைய யூத மதம் புண்ணியத்தைச் சேர்த்துவைத்து மோட்சம் வாங்கும் மதம் என்பது கிறிஸ்தவர்கள் கட்டிய கட்டுக்கதை என்று பெரிய நூல் ஒன்றில் காட்டியிருந்தார். யூதர்களுக்கும் தெரிவு என்பது கடவுளின் தயவால் வந்தது. விதிகளைக் கைக்கொள்வது அந்த உறவுக்குள் நிலைத்திருக்க. பிறகு 1994இல், சாக்கடல் ஓரத்துக் கும்ரானில் கிடைத்த ஒரு மடல் முறையாகப் பதிப்பிக்கப்பட்டது. ‘நியாயப்பிரமாணத்தின் கிரியைகள்’ என்ற அதே தொடர் அதில் எபிரேயத்தில் வருகிறது. எதைப் பற்றிப் பேசுமிடத்தில்? பெரும்பாலும் தீட்டு, தூய்மை, பலி பற்றிய விதிகளைப் பேசுமிடத்தில். மக்கள் திரளிடமிருந்து தாங்கள் பிரிந்து வந்துவிட்டதையும் அந்த மடல் சொல்கிறது.

தமிழ் வாசகனுக்கு இங்கே ஓர் அனுகூலம் இருக்கிறது, அதை அவன் கவனிப்பதில்லை. ‘கிரியை’ என்ற சொல் நம் காதில் ‘நற்செயல்’ என்று விழுவதற்கு முன் சடங்கு என்றே விழுகிறது. சரியை, கிரியை, யோகம், ஞானம் என்ற சைவ வரிசையில் அது பூசைமுறை. செத்தவீட்டில் அது பதினாறாம் நாள் காரியம். புராட்டஸ்டண்ட் தமிழ் வேதாகமம் இந்தச் சொல்லை வைத்திருப்பது, டன் சொன்னதற்கு எத்தனையோ காலம் முன்பே, பவுலின் சண்டை ஆசாரத்தோடுதான் என்ற வாசிப்புக்குக் கதவைத் திறந்துவைத்திருக்கிறது. பிரசங்க மேடையோ அந்தக் கதவைச் சாத்தி, நல்லது செய்து மோட்சம் போகப் பார்க்கிறவனைத் திட்டுவதற்கு அந்த வசனங்களைப் பயன்படுத்திவந்தது.

எதிர்த்தரப்பையும் சொல்ல வேண்டும். ரோமருக்கு எழுதிய மடலின் நான்காம் அதிகாரத்தில் பவுல் கூலியைப் பற்றிப் பேசுகிறார். வேலை செய்தவனுக்குக் கொடுப்பது கடன், தயவு ஆகாது என்கிறார். இது கணக்கு மொழிதான். ஆகவே பவுலுக்கு ஆசாரம் மட்டுமே பிரச்சினை, மனித முயற்சி என்ற பொதுப் பிரச்சினை கிடையாது என்று அடித்துச் சொல்ல முடியாது. டன்னை மறுப்பவர்கள் இந்த இடத்தைத்தான் பிடித்துக்கொள்கிறார்கள். ஆனால் அதே வாதம் அடுத்த சில வரிகளிலேயே எங்கே போய் முடிகிறது என்று பாருங்கள்: ஆபிரகாம் நீதிமானாக எண்ணப்பட்டது விருத்தசேதனத்துக்கு முன்பா, பின்பா? முன்பு. அதனால் விருத்தசேதனம் இல்லாதவர்களுக்கும் அவனே தகப்பன். கூலிப் பேச்சு மறுபடியும் யார் யாரோடு ஒரே குடும்பம் என்ற பேச்சில் வந்து சேர்கிறது.

இந்தப் பந்திக் கேள்வி எப்படி உள்மனக் கேள்வியாயிற்று? ஸ்வீடன் நாட்டு லுத்தரன் அறிஞர் கிறிஸ்டர் ஸ்டெண்டால் 1963இல் வெளியான கட்டுரை ஒன்றில் இதைக் கேட்டார். பவுலுக்குக் குற்ற உணர்ச்சியால் வதைபட்ட மனச்சாட்சி இருந்ததாகத் தெரியவில்லை. அகுஸ்தீனும் லூதரும் தங்கள் மனச்சாட்சியை அவருக்குள் வாசித்தார்கள் என்பது அவர் வாதம். நடுவில் நிறுவனம் ஒன்றும் வேலை செய்திருக்கிறது. 1215இல் நான்காம் லாத்தரன் சங்கம் ஒவ்வொரு கிறிஸ்தவரும் வருடத்துக்கு ஒருமுறையாவது பாவசங்கீர்த்தனம் செய்ய வேண்டுமென்று கட்டளையிட்டது. தன்னைத் தானே துருவிப் பார்த்துப் பட்டியல் போட்டு இன்னொருவர் காதில் சொல்லும் ஒரு தன்னிலை ஐரோப்பா முழுக்க உற்பத்தி செய்யப்பட்டது. ஃபூக்கோ தன் பாலியல் வரலாற்றில் இந்த வருடத்தைக் குறிப்பிடுவது சும்மா இல்லை. பட்டியல் வந்தால் கணக்கு வரும். கணக்கு வந்தால் பாக்கி வரும். பாக்கியைத் தீர்க்க உத்தரிக்கிற ஸ்தலம், அதைக் குறைக்கப் பரிபூரணப் பலன், அதற்கு ஒரு சீட்டு, சீட்டுக்கு ஒரு விலை. மைன்ஸ் பேராயர் ஆல்பிரெக்ட் தன் பதவிக்காக ஃபுக்கர் குடும்பத்திடம் வாங்கிய கடனுக்கு வசூலில் பாதியும், ரோமில் புனித பேதுரு கோயில் கட்ட மறு பாதியும் போன கதை எல்லோருக்கும் தெரிந்ததே. 1517இல் லூதர் எழுதிய 95 வாதங்கள் இந்தக் கடையின் மீது விழுந்தன.

லூதரைக் கொச்சைப்படுத்துவது சுலபம். அவர் செய்தது சாதாரண காரியம் இல்லை. கணக்கைத் தீர்க்கவே முடியாது என்று கண்டவர், கணக்குப் புத்தகத்தையே கிழித்துப்போட்டார். கிருபை இலவசம் என்றால் அதை விற்கிறவனுக்கு வேலை இல்லை. 1522இல் வெளியான ஜெர்மன் புதிய ஏற்பாட்டில், ரோமர் மூன்றாம் அதிகாரத்தில், கிரேக்க மூலத்தில் இல்லாத ஒரு சொல்லைச் சேர்த்தார்: விசுவாசத்தினால் ‘மட்டும்’. ஏன் சேர்த்தாய் என்று கேட்டவர்களுக்கு 1530இல் பதில் எழுதினார். ஜெர்மன் மொழி பேசுகிறவன் இப்படித்தான் சொல்வான், சந்தையில் போய்க் கேள் என்ற பாணியில் வாதம் போகிறது. மொழிபெயர்ப்பு பற்றி எழுதப்பட்ட மிகச் சுவாரஸ்யமான பிரதிகளில் ஒன்று அது. வேடிக்கை என்னவென்றால், ‘விசுவாசம்’, ‘மட்டும்’ என்ற இரண்டு சொற்களும் சேர்ந்து புதிய ஏற்பாட்டின் மூலத்தில் ஒரே ஒரு இடத்தில் வருகின்றன, அதுவும் மறுக்கப்படுவதற்காக. யாக்கோபின் நிருபம், இரண்டாம் அதிகாரம். லூதர் அந்த நிருபத்தை வைக்கோலோடு ஒப்பிட்டதும் 1522 பதிப்பின் முன்னுரையில்தான்.

ஆனால் கணக்குப் புத்தகத்தைக் கிழித்தவர் பந்திக்குத் திரும்பவில்லை. 1525இல் ஜெர்மன் குடியானவர்கள் மெம்மிங்கனில் பன்னிரண்டு கோரிக்கைகளை எழுதினார்கள். மூன்றாவது கோரிக்கை, கிறிஸ்து மேய்ப்பன், பிரபு என்ற பேதமின்றி எல்லோரையும் தன் இரத்தத்தால் மீட்டிருக்க, எங்களைப் பண்ணையடிமைகளாக வைத்திருப்பது எப்படி என்று கேட்டது. கிருபையை அவர்கள் உடம்போடு வாசித்துவிட்டார்கள். லூதரின் பதில்: இது கிறிஸ்தவ விடுதலையை மாம்சத்துக்குரியதாக்குவது, ஆவிக்குரிய ராஜ்யம் வேறு, உலக ராஜ்யம் வேறு. கிருபைக்கு முன் எல்லோரும் சமம்தான், ஆனால் உள்ளே. வெளியே பண்ணை பண்ணையாகவே இருக்கும். இந்த உள்/வெளி என்ற பிரிவினையை ஞாபகத்தில் வைத்துக்கொள்ள வேண்டும். அது கப்பலேறி நம் ஊருக்கு வந்தது.

கத்தோலிக்கத் தரப்பை இரண்டு வார்த்தையில் முடித்துக்கொள்கிறேன். 1547 ஜனவரியில் திரெந்து சங்கம் வெளியிட்ட தீர்ப்பின் முதல் விதியே, கிருபையின்றித் தன் கிரியைகளால் மனிதன் நீதிமானாக முடியும் என்று சொல்பவனைத்தான் சபிக்கிறது. மனிதன் சம்பாதித்துக்கொள்கிறான் என்று ரோம் சொல்வதாகச் சொல்கிறவர்கள் அதைப் படிக்கவில்லை. உண்மையான வேறுபாடு வேறிடத்தில்: நீதிமானாதல் என்பது தீர்ப்பா, மாற்றமா? குற்றவாளியை நீதிபதி ‘விடுதலை’ என்று அறிவிப்பது போலவா, நோயாளி குணமாவது போலவா? புராட்டஸ்டண்ட் இறையியல் முதலாவதைச் சொன்னது. ஆனால் அதன் தமிழ் வேதாகமத்தில் இருக்கும் சொல் ‘நீதிமானாக்கப்படுதல்’. ‘ஆக்கு’ என்ற வினை அறிவிப்பதில்லை, ஆக்குகிறது. தமிழ் இலக்கணம் திரெந்து பக்கம் சாய்ந்துவிட்டதை நம் லுத்தரன்கள் கண்டுகொண்டதாகத் தெரியவில்லை. 1995இல் இரு தரப்பும் சேர்ந்து கொண்டுவந்த பொது மொழிபெயர்ப்பு ‘ஏற்புடையவர்’ என்ற சொல்லுக்குப் போனது. நீதிமன்றமும் இல்லை, மருத்துவமனையும் இல்லை, ஒருவரை ஏற்றுக்கொள்வது. பந்திக்கு இது கிட்டத்தில் இருக்கிறது.

இப்போது யாக்கோபு. விசுவாசமும் கிரியையும் பற்றிய அவரது வாதம் இரண்டாம் அதிகாரத்தின் பிற்பாதியில் இருக்கிறது. பவுலுக்கு எதிராக யாக்கோபு என்று மேற்கோள் காட்டுகிறவர்கள் பிற்பாதியைத்தான் காட்டுவார்கள். முற்பாதியில் என்ன இருக்கிறது? சபை கூடுகிறது. பொன் மோதிரமும் பளபளக்கும் உடையுமாக ஒருவன் வருகிறான். அழுக்கு உடையில் ஒரு ஏழை வருகிறான். அவனுக்கு நல்ல இடம்; இவனுக்கு ‘அங்கே நில்லு, இல்லாட்டி என் காலடியில உக்காரு’. இந்தக் காட்சியிலிருந்துதான் வாதம் ஆரம்பமாகிறது. பவுலின் விசுவாசம் சாப்பாட்டுப் பந்தியில் எழுந்தது என்றால், யாக்கோபின் கிரியை உட்காரும் பலகையில் எழுந்தது. இருவருமே ஆபிரகாமைத்தான் சாட்சிக்கு அழைக்கிறார்கள். எதிரெதிர் முகாம்களாக நிறுத்தப்பட்ட இருவரும் ஒரே விஷயத்தோடு இரண்டு திசையிலிருந்து மல்லுக்கட்டுகிறார்கள் என்று வாசிக்க முடியும்: சபைக்குள் மனிதர்களை ஒதுக்கி உட்காரவைப்பது.

ஒதுக்கி உட்காரவைப்பது என்று சொன்னால் தமிழ்நாட்டில் விளக்கவுரை வேண்டியதில்லை. 1706இல் சீகன்பால்கும் புளூட்சோவும் தரங்கம்பாடியில் இறங்கினார்கள். 1715இல் தமிழில் புதிய ஏற்பாடு அச்சாகிவிட்டது. லூதரின் ‘மட்டும்’ நேரடியாக வந்து சேர்ந்த ஊர் இது. அதே தரங்கம்பாடி சபையில் வெள்ளாளர் முதலான ‘சூத்திரக்’ கிறிஸ்தவர்கள் ஒரு பக்கமும் பறையர் கிறிஸ்தவர்கள் இன்னொரு பக்கமும் உட்கார்ந்தார்கள். இராப்போஜனத்தில் முன்னவர் முதலில், பின்னவர் பிறகு. போஜனம் என்ற சொல் பெயரிலேயே இருக்கும் சடங்கு அது. தஞ்சாவூர்ப் படையில் சிப்பாயாக இருந்த ராஜநாயக்கன் என்ற பறையர், கத்தோலிக்கராகப் பிறந்தவர், தரங்கம்பாடியில் அச்சான வேதப் புத்தகத்தைப் படித்து லுத்தரன் ஆனார். பிரதியை வாசித்து வந்தவர். லூதரின் கனவில் வந்த வாசகன் என்றே சொல்லலாம். உபதேசியாராகப் பல வருடம் உழைத்தார். குருப்பட்டம் கொடுக்கலாமா என்று யோசித்தார்கள். கொடுக்கவில்லை. வெள்ளாளர் அவர் கையிலிருந்து திருவிருந்தை வாங்கமாட்டார்கள் என்பது காரணம். கிருபை அவரிடம் வரலாம். அவர் கை வழியாக இன்னொருவருக்குப் போகக்கூடாது.

1833இல் கல்கத்தா ஆங்கிலிக்கப் பேராயர் டேனியல் வில்சன் சபைக்குள் சாதி உடனடியாக, முற்றாகக் கைவிடப்பட வேண்டுமென்று உத்தரவிட்டார். வேப்பேரியிலும் தஞ்சாவூரிலும் உயர்சாதிக் கிறிஸ்தவர்கள் பலர் வெளியேறினார்கள். அதற்கு முன்பே, 1820களிலேயே, தஞ்சை வேதநாயக சாஸ்திரியார் சாதி ஆசாரத்தை ஆதரித்து எழுதியிருந்தார். 1850இல் சென்னை மிஷனரி மாநாடு ஒரு படி மேலே போய், சாதியை விட்டதற்கு அடையாளமாகப் பறையர் சமைத்த உணவைச் சாப்பிட மறுப்பவரைச் சேர்க்கக்கூடாது என்ற நிலைக்கு வந்தது. லீப்சிக் லுத்தரன் மிஷன் அதை ஏற்கவில்லை. அதன் இயக்குநர் கார்ல் கிரவுல் 1851இல் தங்கள் நிலையை விளக்கி எழுதினார்: சாதி முதன்மையாக ஒரு சிவில் வழக்கம், அதிலுள்ள அஞ்ஞானக் கசடைச் சுவிசேஷம் காலப்போக்கில் உள்ளிருந்து கரைக்கும், வெளியிலிருந்து சட்டம் போட்டுத் திணிக்கக்கூடாது. திருக்குறளை ஜெர்மனிலும் லத்தீனிலும் பெயர்த்த அதே கிரவுல்தான். ‘பெருமை’ அதிகாரத்தை அவர் தாண்டித்தானே போயிருக்க வேண்டும்! வில்சனின் உத்தரவை எதிர்த்து வெளியேறியவர்களில் பலருக்கு லீப்சிக் மிஷன் புகலிடமாயிற்று.

கிரவுலின் வாதத்தை அசட்டை செய்ய முடியாது. அது லுத்தரன் இறையியலின் நெஞ்சிலிருந்து வருகிறது. ஒரு கவளம் சோற்றைச் சாப்பிட்டால்தான் நீ கிறிஸ்தவன் என்றால், அந்தக் கவளம் ஒரு கிரியை ஆகிவிடாதா? கிருபைக்கு நிபந்தனை போட்டதாகாதா? போதாக்குறைக்குப் பரீட்சை வைத்தவர்கள் வெள்ளைக்காரர்கள். அவர்கள் தங்கள் வீட்டு மேசையில் யாரை உட்காரவைத்தார்கள் என்ற கேள்வியும் நியாயமானதே. ஒருநாள் சாப்பிட்டுக் காட்டிவிட்டு மறுநாள் பழைய மாதிரியே இருந்துகொள்ளவும் வழியுண்டு. அப்படிப் பார்த்தால் அது இன்னொரு சீட்டுதான்.

ஆனால் அந்தியோகியாவுக்குத் திரும்பிப் பார்த்தால் வாதம் தலைகீழாகிறது. பவுல் பேதுருவிடம், ‘சாப்பிடு, இல்லாட்டி உனக்கு இரட்சிப்பு இல்லை’ என்று சொல்லவில்லை. நீ எழுந்து போனது சுவிசேஷத்தின் நேர்வழியில் நடப்பதாகாது என்றார். அங்கே ‘கிரியை’ என்ற பட்டம் யாருக்கு? சேர்ந்து உண்டவனுக்கு இல்லை. விலகியவன் காத்த ஆசாரத்துக்கு. சாதி ஆசாரம் என்பது ஓயாத செயல்: யார் கையில் தண்ணீர் வாங்குவது, எவ்வளவு தள்ளி உட்காருவது, எந்தக் கிண்ணத்தைத் தொடுவது என்று நாள் முழுக்கச் செய்துகொண்டே இருக்க வேண்டிய, பிறப்பைத் தகுதியாகக் காட்டும் கிரியை. லீப்சிக் இதை ‘வழக்கம்’ என்ற பெட்டியில் போட்டுவிட்டு, ஆசாரத்தை நிறுத்துவதைப் போய்க் கிரியை என்றது. பவுலின் முழக்கத்தைக் கொடியாகப் பிடித்தவர்கள் பேதுரு எழுந்து நின்ற இடத்தில் போய் நின்றுகொண்டார்கள். உள்ளே/வெளியே என்ற 1525இன் கோடு இல்லாமல் இது சாத்தியமாகியிருக்காது.

கிரியையை வலியுறுத்திய கத்தோலிக்கம் மட்டும் ஒழுங்கா என்றால் அதுவும் இல்லை. வடக்கன்குளம் கோயிலில் சாதிக்கொரு பகுதியாகப் பிரித்துக் கட்டி நடுவில் தடுப்பு வைத்திருந்தார்கள். 1910இல் தடுப்பு இடிக்கப்பட்டதும் மறுபடி கட்டித்தரச் சொல்லி உயர்சாதிக் கத்தோலிக்கர் தொடுத்த வழக்கு சென்னை உயர்நீதிமன்றம் வரை போய்த் தோற்றது. அன்பினால் உருப்பெற்ற விசுவாசம் என்ற அழகான கோட்பாடு கைவசம் இருந்தும் சுவர் தானாக விழவில்லை. எந்தச் சூத்திரத்தை ஒப்புவிக்கிறோம் என்பதைப் பொறுத்ததாக இல்லை விஷயம்.

கிருபை என்ற சொல்லையும் கொஞ்சம் உரசிப் பார்க்க வேண்டும். நம் ஊரில் கிருபை மேலிருந்து கீழே வருவது. பண்ணையார் காட்டுவது. அதற்குப் பதிலாகக் கீழே இருப்பவன் காட்ட வேண்டியது ‘விசுவாசம்’, எஜமான விசுவாசம். இந்த இரண்டு சொற்களையும் சேர்த்து வைத்தால் இறையியல் சத்தமில்லாமல் பண்ணை உறவாகிவிடும் அபாயம் உண்டு. ஜான் பார்க்ளே 2015இல் வெளியிட்ட நூலில் பவுலின் காலத்து நன்கொடைப் பழக்கத்தை விரிவாக ஆராய்கிறார். அன்றைய உலகில் நல்ல கொடை என்பது தகுதியுள்ளவனைப் பார்த்துக் கொடுப்பது. பவுலின் அதிர்ச்சி, கடவுள் தகுதி பாராமல் கொடுக்கிறார் என்பதில். பதில் எதையும் எதிர்பாராத கொடை என்று பவுல் சொல்லவில்லை. வாங்கியவர்களின் வாழ்க்கை மாறித்தான் ஆக வேண்டும். முன்தகுதி கிடையாது, பின்விளைவு உண்டு. இப்படி வாசித்தால் கிருபை எஜமானனின் தயவாக இருக்க முடியாது, ஏனென்றால் எஜமானன் என்பதும் ஒரு முன்தகுதி. இதில் ‘தகுதி’ என்ற சொல்லை எடுத்துவிட்டுச் ‘சாதி’ என்று போட்டுப் படித்துப் பாருங்கள்.

மதுரைத் தமிழ்நாடு இறையியல் கல்லூரியில் கற்பித்த தியாபிலஸ் அப்பாவு, பரட்டை என்ற பெயரில் பாட்டுக் கட்டியவர், 2005இல் காலமானார். இதை இவ்வளவு சுற்றிவளைக்காமல் சொன்னவர் அவர். ‘ஒரு உலை’ என்பது அவர் இறையியலின் மையம்: எல்லோரும் ஒரே குடும்பம், ஒரே உலையில் பொங்கியதைப் பகிர்ந்து சாப்பிடுகிறார்கள். நற்கருணை அப்பத்தை அவர் அந்தச் சோற்றுப் பானையிலிருந்து பிரித்துப் பார்க்க மறுத்தார்.

1999 அக்டோபர் 31 அன்று ஆக்ஸ்பர்க் நகரில் உலக லுத்தரன் கூட்டமைப்பும் கத்தோலிக்கத் திருச்சபையும் நீதிமானாதல் பற்றிய கூட்டறிக்கையில் கையெழுத்திட்டன. தரங்கம்பாடி மரபில் வந்த நம் தமிழ் சுவிசேஷ லுத்தரன் திருச்சபையும் அந்தக் கூட்டமைப்பின் உறுப்பு. நம் தகுதியால் அல்ல, கிருபையால் மட்டுமே ஏற்கப்படுகிறோம். அந்தக் கிருபையே நற்கிரியைகளுக்கு நம்மை ஆயத்தப்படுத்துகிறது என்ற அளவில் இருவருக்கும் இப்போது சம்மதம். 2006இல் மெதடிஸ்டுகளும் 2017இல் சீர்திருத்தச் சபைகளின் உலகக் கூட்டமைப்பும் சேர்ந்துகொண்டன. கோட்பாட்டுத் தகராறு பெருமளவு தீர்ந்தது. ஆனால் கையெழுத்திட்ட இரு சபைகளின் மக்களும் ஒரே திருவிருந்தில் சேர்ந்து பங்குபெறுவதற்கு இன்றுவரை பொது அனுமதி கிடையாது.